சிக்னல் கிடைக்காத இரவு

1964 டிசம்பர் 22, இரவு 11.55 மணி. பாம்பன் ஸ்டேஷனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. உள்ளே 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். அந்தமான் கடலில் 17-ஆம் தேதி உருவான புயல் அன்றிரவு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடிக்குச் சில நூறு கெஜம் முன்னால் வண்டி நின்றது. காரணம், ஸ்டேஷன் சிக்னல் வேலை செய்யவில்லை.

டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு நீளமாக விசில் கொடுத்துவிட்டு, வருவது வரட்டும் என்று வண்டியை நகர்த்தினார் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பெரிய அலை ஒன்று வந்தது. 115 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஒருவரும் பிழைக்காதபோது டிரைவர் மனதில் என்ன ஓடியது என்று யார் வந்து சொன்னார்கள்? அந்தக் கடைசி நிமிடக் கதையில் அனுமானம் நிறையவே கலந்திருக்க வேண்டும். ஆனால் சிக்னல் கிடைக்காமல் நின்றதும், பிறகு கடலில் போனதும்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது.

நின்றிருந்தால் பிழைத்திருப்பார்களா? சந்தேகம்தான். இருபுறமும் கடல், நடுவில் மணல் திட்டு. அதனால் "டிரைவர் அவசரப்பட்டார்" என்று எழுதுவது நியாயம் இல்லை. எதிர்முனையிலிருந்து செய்தியே வராவிட்டால் என்ன செய்வது என்ற முடிவு, நட்டநடு இரவில் தனியாக ஒரு மனிதன் தலையில் வந்து விழுந்தது. பிரச்சினையே அதுதான்.

இந்தப் பிரச்சினை ரயில்வேக்குப் புதிது அல்ல. 1874 செப்டம்பர் 10 அன்று இங்கிலாந்தில் நாரிச் அருகே தோர்ப் என்ற இடத்தில் ஒற்றை வழித்தடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். காரணம் ஒரு தந்தி. எதிர்த்திசை மெயிலை அனுப்பலாம் என்ற செய்தி, அதிகாரியின் கையெழுத்து இல்லாமலே போய்விட்டது. அது தெரியாமல் இந்தப் பக்கத்து எக்ஸ்பிரஸையும் அனுப்பிவிட்டார்கள். தப்பு தெரிந்து மெயிலை நிறுத்தச் சொன்னபோது, அது கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது!

இதன் பிறகுதான் எட்வர்ட் டயர் என்பவர் 1878-இல் டேப்லெட் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு பெட்டி, இரண்டுக்கும் மின் இணைப்பு. ஒரு வில்லையை வெளியே எடுத்துவிட்டால், அது மறுபடி உள்ளே போகும்வரை இரண்டு பெட்டியிலிருந்தும் இன்னொன்று வராது. வில்லை கையில் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். நம்மூர் ஸ்டேஷன்களில் வளையத்தில் பை கட்டி டிரைவரிடம் நீட்டிய டோக்கன் இந்த வம்சம்தான்.

இதே தலைவலி கம்ப்யூட்டர் உலகத்துக்கும் வந்தது. ஒரு புரோகிராமிடமிருந்து செய்தியை வாங்கி வைத்திருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் மென்பொருளுக்கு மெசேஜ் புரோக்கர் என்று பெயர். (காமர்ஸ் மாணவர்கள் தரகர் என்று வைத்துக்கொள்ளலாம். கமிஷன் கிடையாது!) அதில் பிரபலமானது 2007-இல் லண்டனில் உருவான ராபிட்எம்க்யூ. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சன் நிறுவனம் உருவாக்கிய எர்லாங் மொழியில் எழுதப்பட்டது.

பல சர்வர்கள் சேர்ந்து தரகு வேலை பார்க்கும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? பாம்பன் பக்கம் சிலது, தனுஷ்கோடி பக்கம் சிலது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் செத்துவிட்டதா, வழி மட்டும் அறுந்ததா என்று இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அதற்கென்று நிர்வாகி முன்கூட்டியே ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து அமைத்துவைக்கலாம். "இக்னோர்" என்றால் இரண்டு பக்கமும் எதுவும் நடக்காதது போலத் தன்பாட்டுக்கு ஓடும். "பாஸ் மைனாரிட்டி" என்றால் பெரும்பான்மை இல்லாத பக்கம் தானாக நின்றுவிடும். மொத்தமே இரண்டு சர்வர்தான் என்றால் யாருக்கும் பெரும்பான்மை கிடையாது, இரண்டும் நிற்கும். கடைக்காரர் இதைக் கேட்டால் அலறுவார். ரயில்வேக்கு அதுதான் வேண்டும்.

கருப்புத் திரையில் ஒரே வரியில் தட்டச்சு செய்து சர்வரின் நிலையை மாற்றும் வசதியும் அதில் உண்டு. "ராபிட்எம்க்யூ-அப்கிரேட் டிரெயின்" என்று கொடுத்தால் அந்த சர்வர் பராமரிப்பு நிலைக்குப் போய்விடும். புது இணைப்பு எதையும் ஏற்காது, இருக்கும் இணைப்புகளையும் மூடிவிடும். வேலை முடிந்து "ரிவைவ்" கொடுத்தால் மறுபடி உயிர் வரும். (அந்த டிரெயினுக்கு "வடித்துவிடு" என்று அர்த்தம். தமிழில் எழுதும்போது ரயிலாகிவிடுகிறது, என்ன செய்ய?)

பாம்பன் பாலத்தில் இந்தக் கட்டளையைக் காற்றே கொடுத்தது. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றை சிக்னலோடு இணைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறிவிடும். ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்க வேண்டாம், டிரைவர் துணிய வேண்டாம். ராமேஸ்வரம் போகும் வண்டி காற்று தணியும்வரை காத்துக்கிடக்கும். "எப்போதான் சார் எடுப்பாங்க?" என்று பயணிகள் சலித்துக்கொள்வார்கள். அவர்கள் சலித்துக்கொள்ள முடிந்தது என்பதே பெரிய விஷயம்.

1964 புயலில் அந்தப் பாலத்தின் 145 கர்டர்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. ஆறு மாதம் ஆகும் என்று நினைத்த வேலையை இ.ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் முடித்தது. பாலத்தில் மறுபடி ரயில் ஓடியது. 2022 டிசம்பரில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

தனுஷ்கோடி வரை போன தண்டவாளத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 653-க்கு நேர்ந்தது பற்றி ரயில்வே தலைமையகம் அறிவிப்பு வெளியிட்டது டிசம்பர் 25 அன்றுதான். அதுவும் மண்டபத்தில் இருந்த கடல்துறை அதிகாரி ஒருவர் கொடுத்த தகவலை வைத்து.