புங்க மரத்தின் லத்தீன் பெயர்

புரசைவாக்கத்துக்கு ஒரு தடவையாவது டிக்கெட் வாங்காத சென்னைவாசி அபூர்வம். ஆனால் அந்தப் 'புரசு' எது என்று கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். தீக்கொழுந்து போலச் செக்கச் செவேலென்று பூக்கிறதே, பலாச மரம், அதுதான். அவ்வூர்க் கங்காதீசுவரர் கோயிலின் ஸ்தல விருட்சம். மரம் ஊருக்குப் பெயர் கொடுத்தது; ஊர் மரத்தை மறந்துவிட்டது.

"பெயரில் என்ன இருக்கிறது? நிழல் கிடைத்தால் போதாதா?" என்பார் சிலர். நான் ஒப்ப மாட்டேன். சாலையை அகலப்படுத்த வருகிறவர்களுக்கு 'நாற்பது மரம்' என்பது வெறும் கணக்கு. 'எங்கள் தெரு மகிழ மரம்' என்று நாலு பேர் வந்து நின்றால் கோடரி கொஞ்சம் தயங்கும்.

கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டிக் குப்பைமேடாகக் கிடந்த சர்க்கார் நிலத்தில், 2006-ஆம் ஆண்டு முதல் 'நிழல்' என்ற அமைப்பினரும் அக்கம்பக்கத்தாரும் மாணவர்களும் சேர்ந்து நம் நாட்டு மரங்களை நட்டார்கள். இன்று அது நடைபாதையுடன் கூடிய சிறு வனம். நட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. நகரத்தில் பல இடங்களுக்கும் ஜனங்களை அழைத்துப் போய், மரத்துக்கு மரம் நிறுத்திப் பெயர் சொல்லித் தருகிறார்கள். இதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

இம்மாதிரி நடைகளில் லத்தீன் பெயர் காதில் விழுந்ததும் நம்மவர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். 'பொங்கேமியா பின்னேட்டா'வாம்! ஆனால் அந்தப் பொங்கேமியா வேறு யாருமில்லை. நம் புங்கம்தான், வெளிநாட்டுச் சட்டை போட்டிருக்கிறது. 'மொரிங்கா' நம் முருங்கை.

சட்டை தைத்த கதை கொச்சியில் ஆரம்பமாகிறது. பதினேழாம் நூற்றாண்டில் மலையாளக் கரையில் டச்சுக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த வான் ரீட், அந்நாட்டுத் தாவரங்களையெல்லாம் படமெழுதுவித்தார். 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. படங்களிலே செடியின் பக்கத்தில் அதன் பெயர் லத்தீன், மலையாளம், அரபு, நாகரி என்று பல எழுத்துக்களில் இருக்கும். மரத்தடியில் இன்று நாம் நடுகிற பெயர்ப் பலகைக்கு இதைப் பாட்டன் என்று சொல்லலாம்.

பெயர்களைச் சொன்னவர்? துரைக்கு ஏது தெரியும்! சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் சொன்னார். கொங்கணி வைத்தியர்கள் மூவரும் உதவினார்கள். தம் குடும்பத்து ஏட்டையும் தம் அனுபவத்தையும் கொண்டே சொன்னதாக 1675-இல் அச்சுதன் எழுதிக் கொடுத்த சாட்சியம் முதல் பாகத்திலேயே அச்சாகியிருக்கிறது. 'பொங்கம்' போன்ற பெயர்களுக்குப் பின்னால் வந்த பண்டிதர்கள் லத்தீன் வால் ஒட்டினார்கள்.

ஆனால் புஸ்தகம் முழுவதும் லத்தீன். அச்சுதனின் பேரன் பேத்திகள் அதைப் பிரித்துப் பார்த்திருந்தாலும் தங்கள் எழுத்தில் இருந்த பெயர்களைத்தான் படித்திருக்க முடியும். கோழிக்கோட்டுத் தாவரவியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல ஆண்டுகள் அதனோடு மல்லாடி, 2003-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மலையாளத்தில் அது வந்தது 2008-இல். முதல் பாகம் அச்சாகி முந்நூற்று முப்பது வருஷம் கழித்து.