அயர்லாந்துப் பள்ளித் திரட்டில் விடுகதையும் கைமருந்தும்

அயர்லாந்து அரசு 1935ஆம் ஆண்டில் நிறுவிய நாட்டுப்புற வழக்காற்று ஆணையம், 1937 முதல் 1939 வரை ஓர் அரிய தொகுப்புப் பணியை மேற்கொண்டது. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த, 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர், தம் வீட்டிலும் அயலிலும் வாழ்ந்த முதியோரை வினவி அறிந்தவற்றை ஏடுகளில் எழுதினர். அத்திரட்டு இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேணப்படுகின்றது. அதன்கண் விடுகதையும் கைமருந்தும் அருகருகே காணப்படுதலின், இரண்டையும் ஒரு தன்மைய சான்றுகளாகக் கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது.

விடுகதை சொல்லப்படுவதால் வாழ்வது. வீட்டைச் சுற்றி வந்து மூலையில் உறங்குவது யாது என்று கேட்டவர், துடைப்பம் என்னும் விடையையும் முடிவில் தந்தாக வேண்டும். ஆதலின் மாணவர் ஏட்டில் அது முழுமையாகவே இடம்பெற்றது.

மருந்தின் நிலை வேறு. வெட்டுக்காயத்தில் சிலந்திவலையை அப்புதல், இருமலுக்குக் கடற்பாசியைக் காய்ச்சிப் பருகுதல் போல்வன யாவரும் அறிந்தவை. அவற்றை மறைப்பார் இலர். ஆயின், படர்தாமரை முதலிய நோய்களைத் தீர்க்கும் ஆற்றல் சில குடும்பங்களுக்கே உரியது என்று மக்கள் நம்பினர். ஏழாம் மகனுக்குப் பிறந்த ஏழாம் மகன் அத்தகையோன். அம்முறையை உரியவர் தம் வழித்தோன்றலுக்கன்றிப் பிறர்க்குரையார், பணமும் பெறார். நோயுற்றவர் நன்றி கூறுதலும் பல ஊர்களில் விலக்கப்பட்டிருந்தது. அவரை வினவிய சிறுமி என்ன எழுத இயலும்? இன்னார்க்கு இன்ன நோயைத் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்பதே எழுத இயலும். எனவே இப்பதிவுகள் மருத்துவ நூலாகப் பயன்படுதலினும், ஊரில் யாரை யார் நாடினர் என்பதற்குச் சான்றாகவே மிகுதியும் பயன்படும்.

மருத்துவர் இன்மையால் மக்கள் இவற்றை நாடினர் என்பாரும் உளர். 1851ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வறியோர்க்கென மருந்தக வட்டங்கள் நாடெங்கும் வகுக்கப்பட்டிருந்தமையை அவர் கருதினாரல்லர். மருத்துவரிடம் சென்றவரே படர்தாமரைக்கு அக்குடும்பத்தாரிடமும் சென்றனர். சிற்றூர்களில் இன்றும் செல்வாருளர்.

கக்குவான் இருமலுக்கு உரிய ஒரு வழக்கம் மட்டும் இவ்விரு வகையினின்றும் விலகி நிற்கின்றது. வெண்குதிரை மேல் வருவோனை மருந்து யாதெனக் கேட்டு, அவன் வாயில் வந்தது எதுவாயினும் அதனையே நோயுற்ற குழந்தைக்குக் கொடுத்தனர். ஈண்டு மறைத்தற்கு ஒன்றுமில்லை. அவன் முன்னரே அறிந்திருந்ததும் ஒன்றுமில்லை.