ஒரு பாடலின் இரு பிறப்புக்கள்

1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலிருந்து ரண்டி ட்ராவிஸ் என்னும் இளம் பாடகரின் இசைத்தட்டொன்று வெளிவந்தது. ‘ஒன் தி அதர் ஹாண்ட்’ என்னும் அப்பாடல், ‘பில்போர்ட்’ சஞ்சிகையின் கண்ட்ரி இசைத் தரவரிசையில் 67ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. மறு ஆண்டில் அதே ஒலிப்பதிவு மீண்டும் வெளியிடப்பட்டு முதலிடத்தை எய்தியது. பாடலில் ஓர் எழுத்தேனும் மாறவில்லை, மாறியது யாது?

1980இல் வெளியான ‘அர்பன் கௌபோய்’ திரைப்படத்தின் பின், தென் மாநிலங்களின் கிராமிய மரபில் வளர்ந்த கண்ட்ரி இசை நகரத்துப் பொப் இசையின் சாயலைப் பெரிதும் பூண்டது. அம்மோகம் தணியவே விற்பனையும் சரிந்தது. இவ்விசை நலிவுறுகின்றதென 1985இல் ‘நியூயோர்க் டைம்ஸ்’ எழுதிற்று. எனினும் ஜோர்ஜ் ஸ்ட்ரெய்ட், ரீபா மக்கன்டயர் போன்றோர் பிடிலும் ஸ்டீல் கிற்றாரும் முன்னிற்கும் பழைய மரபை ஏலவே மீட்கத் தொடங்கியிருந்தனர். 1986இல் ட்ராவிஸின் ‘1982’ என்ற பாடல் 6ஆம் இடத்தை அடைந்த பின்னரே, தோல்வியுற்ற தட்டை மீண்டும் வெளியிட நிறுவனத்தார் துணிந்தனர்.

தரவரிசையை மக்கள் சுவையின் அளவுகோலாகக் கொள்வோர் ஈண்டுச் சற்றே தயங்குதல் வேண்டும். அக்காலத்தில் அவ்வரிசை, வானொலி நிலையங்கள் தாமே அனுப்பிய அறிக்கைகளையே பெரிதும் நம்பியிருந்தது. பாடலைக் கேளாதவர் எங்ஙனம் தீர்ப்பளிப்பர்? 67 என்னும் எண்ணை ஒலிபரப்பாளரின் தயக்கமென்றே யான் கொள்வேன். 1987இல் ட்ராவிஸின் ‘ஃபொரெவர் அண்ட் எவர், ஆமென்’ மூன்று வாரங்கள் முதலிடத்தில் நின்றது.