மெதுமணல் வடிகட்டி

ஆற்று நீரையோ ஏரி நீரையோ மணற்படுகை வழியே மெல்ல இறங்கவிட்டுக் குடிநீராக்கும் அமைப்பு. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் துணி வெளுக்கும் ஆலை நடத்திய ஜான் கிப், 1804இல் ஆலைக்கென ஒரு வடிகட்டி கட்டி, மிஞ்சிய நீரை ஊராருக்கு விற்றார். லண்டன் செல்சி குடிநீர் நிறுவனத்துக்காக 1829இல் ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்ததே பின்னர் பல நகரங்களுக்கு முன்மாதிரி. கலங்கல் தெளிந்தால் போதும் என்பதே அன்றைய நோக்கம். நோய்க்கிருமி என்ற எண்ணமே அப்போது வேரூன்றவில்லை.

மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் நுண்மணல், கீழே சரளைக்கல், அடியில் வடிகால். நீர் மணிக்குப் பத்து முதல் முப்பது சென்டிமீட்டர் வரைதான் இறங்கும். மணல் இடுக்குகளோடு ஒப்பிட்டால் கிருமி மிகச் சிறியது. வெறும் மணல் அதை முழுதாகத் தடுக்காது. சில வாரங்களில் மணல் மேல் பாசியும் பாக்டீரியாவும் அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வழவழப்பான படலமாகின்றன. கிருமிகளைப் பிடித்து அழிப்பதில் பெரும் பங்கு இதற்குத்தான். ஜெர்மானியர் இதற்கு இட்ட பெயர் ‘அழுக்குப் போர்வை’. நன்றி கெட்ட பெயர்தான்.

இதன் வலிமை 1892இல் தெரிந்தது. ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டது. காலராவில் சுமார் 8,600 பேர் மாண்டனர். ஒட்டியிருந்த அல்டோனாவோ ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் எடுத்தது. ஆனால் மணலில் வடித்து எடுத்ததால் பெருமளவு தப்பியது. இரு ஊர்களின் எல்லையாக இருந்த தெருவில் நோய் ஒரு பக்கத்தோடு நின்றதை கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக் பதிவு செய்தார். கட்டுமானத்தில் இருந்த ஹாம்பர்க்கின் வடிகட்டி மறு ஆண்டே இயங்கத் தொடங்கியது.

சென்னைக்கு 1872 முதல் செங்குன்றம் ஏரி நீர் திறந்த கால்வாயில் வடிகட்டாமலே வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மெதுமணல் வடிகட்டிகள் 1914இல் செயல்படத் தொடங்கின.

படிகாரம் இட்டுக் கலங்கலைத் திரட்டி, பல மடங்கு விரைவாக வடிக்கும் விரைவுமணல் வடிகட்டியும் குளோரினும் வந்தபின், நிலம் அதிகம் கேட்கும் பழைய முறை பல நகரங்களில் பின்தங்கியது. லண்டன் இன்னும் அதைக் கைவிடவில்லை. அடைப்பு ஏற்பட்டால் மேல்மணலை ஓரிரு சென்டிமீட்டர் சுரண்டி எடுப்பார்கள். போர்வை மீண்டும் படியும்வரை அந்தப் படுகையின் நீர் ஊருக்குப் போகாது.