பார்க் ஹில்: கான்கிரீட்டும் குடியிருந்தோரும்

பழமையான கட்டடம் என்றவுடன் கல்லும் சுதையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் எழுந்த கான்கிரீட் குடியிருப்பு ஒன்றும் மரபுச் சின்னமாகுமா? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள பார்க் ஹில்லின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

நெரிசல் மிகுந்த பழைய குடியிருப்புகளை அகற்றிவிட்டு, 1957 முதல் 1961 வரை நகராட்சி இதனைக் கட்டியது. வடிவமைத்தோர் ஜாக் லின், ஐவர் ஸ்மித் ஆகிய இருவர். ஏறத்தாழ 1000 வீடுகள். நிலம் சரிந்தபோதும் கூரை மட்டம் மாறவில்லை; எனவே ஒரு முனையில் 4 மாடிகளும் மறுமுனையில் 13 மாடிகளும் அமைந்தன. பால் வண்டி செல்லுமளவு அகன்ற நடைபாதைகளை ‘வானத்துத் தெருக்கள்’ என்றனர். இடிக்கப்பட்ட தெருக்களின் பெயர்களையே அவற்றிற்குச் சூட்டினர். பழைய அண்டை வீட்டாரை மீண்டும் அருகருகே குடியமர்த்தவும் முயன்றனர்.

எஃகுத் தொழில் நலிந்தது, வேலையின்மை பெருகியது, பராமரிப்பும் குன்றியது. இடித்துவிடலாம் என்ற குரல்களுக்கிடையே 1998ஆம் ஆண்டு இது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

கான்கிரீட்டின் நோய் உள்ளிருந்தே தோன்றுவது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல ஊடுருவி அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. காப்பிழந்த கம்பி துருவேறிப் பருக்கிறது. மேற்பூச்சு வெடித்து உதிர்கிறது. பழுதைச் செதுக்கி நீக்கி, கம்பியைத் துலக்கி, பழைய நிறத்திற்கு இசைந்த கலவையால் நிரப்புவதே மருத்துவம்.

‘அர்பன் ஸ்பிளாஷ்’ நிறுவனம் மேற்கொண்ட முதற்கட்டப் பணியில் கான்கிரீட் சட்டகம் செப்பனிடப்பட்டது. இடையிலிருந்த செங்கற்சுவர்கள் நீக்கப்பட்டு வண்ண அலுமினியத் தகடுகள் பொருத்தப்பட்டன. 2013இல் அது ஸ்டிர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலை எட்டியது. இரண்டாம் கட்டத்திலோ செங்கற்களைத் தூய்மை செய்து, இருந்த இடத்திலேயே நிறுத்தினர். ஒரே சுவடிக்கு இரு பதிப்பாசிரியர்கள் வாய்த்தாற்போன்றது இது. முன்னவர் பாடத்தைத் திருத்தினார். பின்னவர் ஏட்டில் கண்டதைக் காத்தார். பின்னவர் பக்கமே நம் மனம் சாய்கிறது.

எனினும் இரு பதிப்புகளிலும் விடுபட்டது ஒன்றுண்டு. முழுவதும் நகராட்சி வாடகை வீடுகளாக இருந்த இடத்தில், முதற்கட்டத்தில் பெரும்பாலானவை விற்பனைக்கு வந்தன. உயரத்திலிருந்த பாலமொன்றில் ஒரு காதலர் தம் காதலியின் பெயரெழுதி, மணக்கச் சம்மதமா என்று கேட்டிருந்தார். அவ்வரியைப் பின்னர் நியான் விளக்காக ஒளிரச் செய்தனர்; அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டனர். பட்டியல் கட்டடத்தைக் காத்தது. அங்கு வாழ்ந்தோரின் பெயர்களைக் காக்க எந்தப் பட்டியலும் இல்லை.