அவுரியும் சவுரியும்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என நண்பர்கள் பணித்தபோது, சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைப் பற்றி எழுதுவதாகவே ஒப்புக்கொண்டேன். கோட்டையைத் தொட்டால் அங்கிருந்து கப்பலேறிய துணியைப் பேசவேண்டியிருந்தது. துணி என்னைச் சாயத்திடம் அழைத்துச் சென்றது. சாயம், நோயுற்றிருந்த என் தாயாரின் தலைமாட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. எனவே இக்கட்டுரை சவுரி என்னும் பொய்ம்முடியின் வரலாறாக அமைந்துவிட்டது. கவிஞர்கள் மிகுந்த அவையில் கூந்தலைப் பற்றிப் பேசுவதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை என நம்புகிறேன்.

துணி தந்த ஊர்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய கடற்கரையில் உள்ளது சதுரங்கப்பட்டினம். சம்புவராயர் காலத்தில் இராசநாராயணன் பட்டினம் என இவ்வூர் வழங்கப்பெற்றது. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து நாட்டு வணிகர் இங்கு வந்து தங்கிக் கிடங்குகளும் கோட்டையும் எழுப்பினர். அவர்களை ஈர்த்த பொருள்களுள் தலையாயது இப்பகுதி நெசவாளர் நெய்த மெல்லிய பருத்தித்துணி. 1781இல் ஆங்கிலேயர் இவ்வூரைக் கைப்பற்றினர். 1782 பிப்ரவரி 17 அன்று இக்கரைக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலத் தளபதி இயூசும் கடற்போர் புரிந்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஒல்லாந்தர் இந்தியாவில் தம்மிடமிருந்த இடங்களை ஆங்கிலேயரிடம் விட்டு நீங்கினர். இன்று கோட்டையும் பூவேலை செதுக்கிய கல்லறைகளும் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. பீரங்கிகளைப் பார்த்துத் திரும்புவோர் பலர். நூலையும் சாயத்தையும் நினைப்போர் சிலரே.

சோழமண்டலக் கரையின் சாயத்தொழில் இரு செடிகளின்மேல் நின்றது. ஒன்று, சிவப்புத் தரும் சாயவேர். படிக்காரம் ஏற்றிய துணியையே அது நன்கு பற்றும். மற்றொன்று, நீலம் தரும் அவுரி. அவுரி நீலம் நீரில் கரையாதது. தொட்டியில் புளிக்கவைத்துக் கரையும் நிலைக்குக் கொணர்வர். அப்போது சாற்றின் நிறம் மஞ்சள் கலந்த பச்சை. தோய்த்த துணியை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால், கண்ணெதிரே பச்சை மாறி நீலம் பிறக்கும். 1897இல் செருமனியில் ஆலை நீலம் விற்பனைக்கு வந்தபின் அவுரி வணிகம் வீழ்ந்தது. துணியை இழந்த அவுரி நம் வீடுகளில் ஒரு புகலிடத்தை மட்டும் இழக்கவில்லை. அப்புகலிடம் நரைத்த தலை.

மருதாணியும் அவுரியும் சேர்ந்து முடியைக் கறுப்பாக்கும் முறையைப் பாட்டிமார் அறிவர். மருதாணியின் செந்நிறம் முதலில் முடியைப் பற்றும். அதன்மேல் அவுரி இலைத்தூளின் நீலம் ஏறும். சிவப்பும் நீலமும் கலந்து கருமையாகத் தோன்றும். ஐரோப்பாவில் 1883இல் முடிச்சாயத்திற்கெனக் காப்புரிமை பெற்ற வேதிப்பொருளே இன்றும் கடைச்சாயங்கள் பலவற்றில் உள்ளது. சிலருக்கு அது கடும் ஒவ்வாமை தருவதும் அறிந்ததே.

கவரியிலிருந்து சவுரிக்கு

சவுரி என்னும் சொல்லின் பின்னே ஒரு விலங்கு நிற்கிறது. இமயத்துக் கவரிமாவின் மயிர் விசிறியாகவும் சாமரமாகவும் பயன்பட்டதுபோலவே மகளிர் கூந்தலுக்கு நிறைவூட்டவும் பயன்பட்டது. கவரி, சமரி, சவரி, சவுரி எனச் சொல் உருமாறி வந்து, விலங்கின் பெயர் பொய்ம்முடியின் பெயராயிற்று. சேரன் செங்குட்டுவனைப் பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், 43ஆம் பாடல் கவரி சேர்த்து முடித்த கொண்டையோடுதான் தொடங்குகிறது. சேர்த்துக்கட்டும் முடி இக்காலத்து ஒப்பனைக்கடைகளின் கண்டுபிடிப்பு அன்று என்பதற்கு இதுவே சான்று.

அதே ஐந்தாம் பத்தின் பதிகம் வேறொரு கூந்தலையும் காட்டுகிறது. பழையனின் காவல்மரமாகிய வேம்பை வெட்டி வீழ்த்திய செங்குட்டுவன், அதனை இழுக்க யானைகளைப் பூட்டிய கயிறு மகளிர் கூந்தலால் திரிக்கப்பெற்றது. ஒரு பத்துக்குள்ளேயே இரண்டு கூந்தல்கள். ஒன்று அழகுக்காக ஏற்றுக்கொண்டது. மற்றொன்று தோற்றவர் தலையிலிருந்து பறித்தது. தலையைவிட்டு நீங்கிய முடி யாருடையது, அது எவ்வாறு நீங்கியது என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது எனலாம்.

வள்ளுவரும் மானம் என்னும் ஓர் அதிகாரத்திலேயே இரு முறை மயிரைப் பேசுகிறார். தம் நிலையிலிருந்து தாழ்ந்தவர்க்குத் தலையிலிருந்து வீழ்ந்த மயிரை உவமையாக்குகிறார். மயிர் நீங்கின் உயிர் வாழாக் கவரிமாவை மானமுடையார்க்கு உவமையாக்குகிறார். ஆண்டுதோறும் இவ்வதிகாரத்தை வகுப்பில் நடத்தும் எனக்கு ஒருநாள் ஓர் எண்ணம் எழுந்தது. சவுரி கட்டும் கைகள் வீழ்ந்த மயிரைக் கொண்டே மானத்தைக் காக்கின்றன. முதற்குறளில் இழிந்தது, சவுரியாகி, மற்றக் குறளின் விலங்குப் பெயரையே தனக்குப் பெயராகப் பெற்றிருக்கிறது.

அவையேறிய முடி

தொண்டைமண்டலத்தில் சவுரி சிறந்து விளங்குமிடம் திரௌபதியம்மன் விழா. துச்சாதனன் பற்றி இழுத்த கூந்தலை, துரியோதனன் குருதி பூசும்வரை முடியேன் எனச் சூளுரைக்கிறாள் பாஞ்சாலி. பல இரவுகள் தெருக்கூத்து நிகழ்ந்து, படுகளத்தன்று அக்கூந்தல் முடிக்கப்பெறுகிறது. மரபுவழிக் கூத்தில் பாஞ்சாலி வேடம் புனைபவர் ஆடவரே. அவர் தலையில் விரிந்து கிடப்பது சவுரி. அது பொய்ம்முடி என்பது ஊரார் அனைவர்க்கும் தெரியும். தெரிந்தும், துகிலுரியும் இரவில் அம்முடி விரியும்போது அழாத தாய்மார் இல்லை. பொய்ம்முடி மெய்யைச் சொல்லக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மணப்பெண்ணின் தலையிலும் அதுவே. இராக்கொடி, சடைநாகம், குஞ்சலம் ஆகியவற்றின் எடையைத் தாங்கச் சவுரி வேண்டும். வாரும்போது உதிர்ந்த முடியைச் சுருட்டி வைத்திருந்து, தெருவில் வரும் வணிகரிடம் கொடுத்துப் பாத்திரமோ ஊசியோ பெறுவது அண்மைக்காலம் வரை நம் வீடுகளில் இருந்த வழக்கம். சிக்குமுடி என்பது அதன் பெயர்.

உலகச் சந்தையில்

சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் வணிகம் நடத்திய காலமே ஐரோப்பிய உயர்குடி ஆடவர் பொய்ம்முடி அணிந்து உலவிய காலம். அம்முடிக்குத் தூவும் வெண்தூளுக்குப் பிரித்தானிய அரசு 1795இல் வரி விதித்தது. அன்று இக்கரையிலிருந்து துணி சென்றது. இன்று நம் நாட்டிலிருந்து முடியே செல்கிறது. திருமலையில் நேர்த்திக்கடனாக இறக்கப்படும் முடி, 2011 முதல் மின்னேலத்தில் விற்கப்படுகிறது. வேரும் நுனியும் ஒரே திசையில் இருக்க வெட்டிய முடிக்கு விலை மிகுதி. ஏனெனில் முடியின் மேற்செதில்கள் ஒருமுகமாக இருந்தால் சிக்கு விழாது. 2004இல், இம்முடி கோயிற்சடங்கில் நீக்கப்பெற்றது என அறிந்த யூத சமயத் தலைவர்கள் அதனை அணிதல் தகாது எனத் தீர்ப்பளித்தனர். நியூயார்க்கிலும் எருசலேமிலும் பெண்கள் தம் பொய்ம்முடிகளைத் தெருவில் தீயிட்டனர். மொட்டையிட்ட தாய் அறியாள், தன் முடி எங்கு எரிந்தது என்று. 2022 சனவரியில் இந்திய அரசு பச்சை முடி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. வணிகம் பெரிது, முடி தந்தவரின் பெயர் மட்டும் அதில் எங்கும் இல்லை.

அம்மாவின் சவுரி

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றார். மருந்து நோயோடு முடியையும் கொண்டுபோயிற்று. சென்னையில் நான் ஒரு பொய்ம்முடி வாங்கிவந்தேன். லேஸ் என்னும் நுண்வலையில் ஒவ்வொரு முடியாகக் கொக்கியூசியால் முடிச்சிட்டு அமைத்தது. மெல்லிய அவ்வலையைக் கையில் ஏந்தியபோது இவ்வூர் நெசவாளர் நெய்த துணியே நினைவுக்கு வந்தது. அம்மா அதைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார்.

“ஏன்டி, இது கல்யாணப் பொண்ணுக்கு வாங்கினதா? என் வயசு எங்கடி போச்சு?” என்றார்.

அவர் சொன்னது சரிதான். முடி ஒரே கருமை. வலையோ வெள்ளைக்காரத் தோலுக்கென வெளிறியிருந்தது. வகிடு எடுத்த இடத்தில் அயலாகத் தெரிந்தது. அடுத்த நாள் முதல் எங்கள் அடுக்களை சாயச்சாலை ஆயிற்று. தேயிலையைக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வலையின் ஓரத்தை மட்டும் அதில் நனைத்தோம். நைலான் வலை தேயிலைச் சாயத்தை ஏற்கும். பாலியஸ்டர் வலை எளிதில் ஏற்காது. எங்களுடையது நைலான். எடுத்து உலர்த்தி, அம்மாவின் நெற்றியோடு ஒட்டிப் பார்த்து, மீண்டும் நனைத்தோம். மூன்றாம் முறை வலை நெற்றியோடு கலந்தது. ஈரத்தில் கருத்துத் தெரியும் நிறம் உலர்ந்தால் வெளிறும் என்பதால், உலர்ந்தபின்னரே முடிவு செய்யவேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டோம்.

நரையை எவ்வாறு கொணர்வது? சாயம் கருமையைக் கூட்டுமேயன்றி நரையைத் தராது. முடியின் நிறத்தை வெளுக்கும் மருந்து முடியையும் முடிச்சையும் நலிவிக்கும். அப்போதுதான் அம்மா அலமாரியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்துத் தந்தார். பல ஆண்டுகளாக அவர் தலையிலிருந்து உதிர்ந்த முடி. வாங்க வரும் வணிகர் நின்றுபோனபின்னும் சுருட்டி வைக்கும் பழக்கம் நிற்கவில்லை. அதைச் சிக்கெடுத்து, ஒவ்வொரு முடியையும் இரு விரலிடையே வைத்து நெடுக உருட்டினோம். அவ்வாறு உருட்டினால் முடி வேர்ப்பக்கமாகவே நகரும். இப்படி வேரையும் நுனியையும் அறிந்து ஒரே திசையில் அடுக்கினோம். முழு வெள்ளையாக இருந்தவற்றுள் பாதியை மருதாணியிலும் பின்னர் அவுரியிலும் தோய்த்தோம். அவை பழுப்பும் கருமையும் கலந்த நிறம் கொண்டன. மீதியை அப்படியே விட்டோம். கொக்கியூசி பிடிக்கத் தெரிந்த தையற்காரப் பெண் ஒருவர் ஏழு நாள்கள் மாலையில் வந்து, காதோரத்திலும் வகிட்டோரத்திலும் அம்மாவின் முடியை வலையில் முடிச்சிட்டுத் தந்தார்.

எட்டாம் நாள் அம்மா அதை அணிந்தார். கண்ணாடியை நெடுநேரம் பார்த்தார். “இப்பத்தான் நான் மாதிரி இருக்கேன்” என்றார். பிறகு, நான் வாங்கிவந்த கரிய முடியைத் தடவியபடியே கேட்டார்: “இது யார் பெத்த பொண்ணோட முடியோ?”

அவ்வினாவுக்கு நான் விடை அறியேன். செங்குட்டுவன் கயிற்றுக்குக் கூந்தல் தந்த மகளிர்க்கும் பெயர் எஞ்சவில்லை. சதுரங்கப்பட்டினக் கல்லறைகளில் ஒல்லாந்தர் பெயர்கள் அழகுறச் செதுக்கப்பெற்றுள்ளன. துணி நெய்தவர் பெயரோ சாயம் தோய்த்தவர் பெயரோ அங்கு இல்லை. அம்மா அதன்பின் ஈராண்டுகள் வாழ்ந்தார். அந்தச் சவுரி என்னிடம் உள்ளது. அதில் அறிந்தவர் முடியும் அறியாதவர் முடியும் ஒரே வலையில் முடிச்சிடப்பெற்றுள்ளன. கூந்தலை மேகத்திற்கும் மணலுக்கும் உவமித்துப் பழகிய நம் கவிஞர்கள், வீழ்ந்த அம்முடிக்கு உரியவர்களையும் ஒருநாள் பாடவேண்டும் என்பதே இம்மலர் வழி நான் வைக்கும் வேண்டுகோள்.