முகூர்த்தத்துக்கு முன்னாடியே ரிஜிஸ்டர் மேரேஜ்... கனடா ஸ்பான்சருக்கு அது செல்லுமா?

மாப்பிள்ளைக்கு டொரன்டோவில் வேலை, கையில் பிஆர். முகூர்த்தம் தை மாசம்தான். "பேப்பர் வேலைக்கே மாசக்கணக்குல ஆகும்னு சொல்றாங்க, இப்பவே ரிஜிஸ்டர் பண்ணி அப்ளிகேஷனைப் போட்டுடலாம்" என்று இரண்டு வீட்டாரும் பேசி முடிவெடுப்பது தமிழ்நாட்டில் இப்போது சகஜம். ஆபீஸில் கையெழுத்து, கையில் சான்றிதழ், உடனே விண்ணப்பம். தாலி, பந்தி, போட்டோ எல்லாம் பிறகு.

இந்த "பிறகு"தான் சிக்கல்.

2024 ஏப்ரலில் நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி அமர்வு ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் இருவருமே பயிற்சி பெற்ற விமானிகள். 2021-லேயே திருமணச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். சடங்கை 2022 அக்டோபரில் நடத்துவதாகத் திட்டம். இடையில் மனக்கசப்பு, விவாகரத்து வழக்கு. கடைசியில் "எங்களுக்குள் திருமணமே நடக்கவில்லை" என்று இருவரும் சேர்ந்தே உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். நீதிமன்றமும் அதை ஏற்றது. இந்து திருமணச் சட்டம் 7-வது பிரிவின்படி சடங்கு நடந்திருந்தால்தான் அது திருமணம். 8-வது பிரிவில் செய்யும் பதிவு, நடந்த திருமணத்துக்கான சாட்சி மட்டுமே. சடங்கு இல்லை என்றால் சான்றிதழ் வெறும் காகிதம்.

வெளிநாட்டு விசாவுக்காக "நேரத்தை மிச்சப்படுத்த" முன்கூட்டியே பதிவு செய்யும் பழக்கத்தையும் அந்தத் தீர்ப்பு குறிப்பாகவே சுட்டிக்காட்டியது.

கனடாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம். வெளிநாட்டில் நடந்த திருமணம், அது நடந்த நாட்டின் சட்டப்படியும் கனடா சட்டப்படியும் செல்லுபடியாக வேண்டும் என்பது கனடா குடிவரவு விதி. இந்தியாவில் செல்லாத திருமணம் அங்கேயும் செல்லாது. "இது உண்மையான உறவா?" என்ற கேள்விக்கே போகாமல், "நீங்கள் கணவன் மனைவியே இல்லை" என்று கோப்பை மூட அதிகாரிக்கு வழி கிடைத்துவிடும்.

இன்னொன்று, இரண்டு தேதிப் பிரச்சினை. சான்றிதழில் ஜூன், கல்யாணப் பத்திரிகையில் ஜனவரி. திருமணத் தேதி என்ன என்று படிவம் கேட்கும்போது எதை எழுதுவது? ஜூன் என்று எழுதினால் அன்று என்ன நடந்தது என்று காட்ட எதுவும் இருக்காது.

அப்போ முன்னாடியே செய்ய வழியே இல்லையா?

இருக்கு. சிறப்புத் திருமணச் சட்டம், 1954. இதில் பதிவு அலுவலர் முன், மூன்று சாட்சிகளோடு, ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்வதே திருமணம். தனியாகச் சடங்கு தேவையில்லை. 30 நாள் நோட்டீஸ் காலம் உண்டு என்பதால் மூன்று வார லீவில் வருகிறவர்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவர் 30 நாளாவது வசித்திருக்க வேண்டும். பெண் ஊரிலேயே இருப்பதால் பெரும்பாலும் இது பிரச்சினை ஆகாது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

தமிழ்நாட்டுக்கே உரிய இரண்டாவது வழி, 1967-ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த 7-ஏ பிரிவு. இரு இந்துக்கள் உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ சட்டப்படி திருமணம்தான். ஐயர் தேவையில்லை, அக்னி தேவையில்லை. ஆகவே முதலில் வீட்டிலேயே பத்துப் பேர் முன்னால் மாலை மாற்றிவிட்டு, அதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தேதியையே பதிவு செய்தால் சட்டச் சிக்கல் இல்லை. தை மாசத்து மண்டபக் கல்யாணத்தை அதன்பின் நடக்கும் விழாவாகப் படிவத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-ன்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுவது நல்லது. தாண்டினால் கூடுதல் கட்டணம்.

வீடியோ காலில் கல்யாணம்? அந்த யோசனையே வேண்டாம். போன், இணையம், பதிலாள் மூலம் நடந்த திருமணங்களை 2015 ஜூன் 11 முதல் கனடா ஏற்பதில்லை. பணி காரணமாக வர முடியாத கனடா ராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு உண்டு.

இனிஷியல் படுத்தும் பாடு

கவனிக்காமல் விடுவது இதைத்தான். பத்திரிகையில் "செ.கவிதா", ஆதாரில் "கவிதா எஸ்", பாஸ்போர்ட்டில் "கவிதா செல்வராஜ்". நமக்கு மூன்றும் ஒரே ஆள். கனடா அதிகாரிக்கு மூன்று ஆள். பதிவு செய்யும் நாளிலேயே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, இருவர் பெயரையும் சான்றிதழில் போடச் சொல்லுங்கள். கல்யாணமானதும் கணவர் பெயரை பாஸ்போர்ட்டில் சேர்த்தே ஆகணும் என்று கட்டாயம் இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றதை காலியாக விட வேண்டும்.

தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு தேவை. "அண்ணன் இங்கிலீஷ் வாத்தியார், அவரே எழுதித் தரட்டும்" என்பது செல்லாது. குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்பதில்லை.

நிச்சயித்த கல்யாணம் என்றால் சந்தேகப்படுவார்களா?

நிச்சயித்த கல்யாணம் அங்கே புதிதல்ல. ஆனால் யார் அறிமுகம் செய்தார்கள், எப்போது பார்த்தார்கள், கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், பெற்றோர் வந்தார்களா என்றெல்லாம் ஐ.எம்.எம். 5532 படிவம் கேட்கும். ஊர் வழக்கப்படி பெரிதாக நடக்க வேண்டிய கல்யாணம் இரண்டு கையெழுத்தோடு முடிந்திருந்தால், ஏன் என்று கேள்வி வருவது நியாயம்தான். போட்டோகிராபரின் ஆல்பத்தைவிட, இரு வீட்டாரும் ஒரே ஃப்ரேமில் நிற்கும் சாதாரண செல்போன் படங்களுக்கு மதிப்பு அதிகம். கல்யாணத்துக்குப் பிறகான போன் பதிவுகள், பயண டிக்கெட், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றைத் தேதி வாரியாக எடுத்து வையுங்கள்.

ஏற்கனவே விவாகரத்தானவர் என்றால் தீர்ப்பு நகல் மட்டும் போதாது. கனடாவில் விவாகரத்து பொதுவாகத் தீர்ப்பு வந்த 31-வது நாளில்தான் அமலுக்கு வரும். அதற்குள் ஊருக்கு வந்து தாலி கட்டினால் இரண்டாவது திருமணம் செல்லாது.

மறைத்தால் என்ன ஆகும்?

இதுதான் மிகவும் ஆபத்தானது. பிஆர் விண்ணப்பம் போட்டபோது சிங்கிள். கனடாவில் பிஆர் ஆவதற்கு முன் ஊரில் சத்தமில்லாமல் கல்யாணம். "அப்புறம் ஸ்பான்சர் பண்ணிக்கலாம்" என்று அதைச் சொல்லாமல் பிஆர் ஆகிவிட்டால், அந்த மனைவியையோ கணவரையோ குடும்பப் பிரிவில் பின்னர் ஸ்பான்சர் செய்ய முடியாது. 2019-ல் அகதிகள் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் இதில் தளர்வு கொடுத்தார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக்காகப் போனவர்கள் அதில் இல்லை. பொய்த் தகவல் என்று முடிவானால் விண்ணப்பித்தவருக்கு ஐந்து ஆண்டுத் தடையும் வரலாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், ஸ்பான்சர் செய்தவர் 30 நாளுக்குள் கனடாவின் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உறவு உண்மையானது என்று அங்கே சாட்சியோடு வாதாடலாம். ஆனால் திருமணமே சட்டப்படி செல்லாது என்று ஆகிவிட்டால், மனிதாபிமானக் காரணங்களை அந்த அமைப்பு பரிசீலிக்க முடியாது.